சங்கிலி விதி தந்த லைப்னிற்ஸ்

உயர்தர வகுப்பிற் கணிதம் பயின்றவர் எவரும் சங்கிலி விதியை முற்றாக மறந்திருக்க மாட்டார். சூத்திரங்களுட் பெரும்பாலானவை பரீட்சை மண்டபத்து வாயிலிலேயே நம்மிடம் விடைபெற்றுச் சென்றுவிடுகின்றன. இவ்விதி மட்டும் நினைவில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றது. ஒன்றினுள் ஒன்றாய் அமைந்த சார்புகளை வகையிட வேண்டுமாயின், புறத்தே உள்ளதை முதலில் வகையிடுக. பின்பு அகத்தே உள்ளதை வகையிட்டு அதனாற் பெருக்குக. இவ்வளவே விதி. ஆயின் இதனை முதன்முதல் ஏட்டில் எழுதியவர் யார் என்று கேட்டால், கற்பிப்போரிலும் பலர் சற்றுத் தயங்குவர். நியூற்றனை அறியாதார் இல்லை. அப்பிள் பழத்தின் தயவால் அவர் சிறுவர்க்கும் அறிமுகமானவர். நுண்கணிதத்தில் நாம் நாள்தோறும் எழுதும் குறியீடுகளை ஆக்கித் தந்த கொட்பிரீட் வில்ஹெல்ம் லைப்னிற்ஸ் என்பாருக்கோ பாடநூலின் அடிக்குறிப்பிலே கூட இடங் கிடைப்பது அரிது.

அவருடைய வாழ்க்கையை இங்கே சொல்லப் புகுகின்றேன். பிறப்பு, கல்வி, பதவி, இறப்பு என்னும் வரிசையை ஒப்புவிப்பது என் நோக்கமன்று. பிறர் கண்டதைத் தமதென்று வெளியிட்டவர் என்ற பொருள்பட ஓர் அறிஞர் சபை அவருக்கு எதிராக அறிக்கை எழுதிற்று. அது எழுதப்பட்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவருடைய கையெழுத்துத் தாள்கள் அச்சில் வந்துள்ள இக்காலத்தில் அவ்வழக்கை நாம் மீண்டும் எடுத்துப் பார்க்கலாம். சங்கிலி விதி அவ்வழக்கிலே ஒரு சாட்சி என்பது என் எண்ணம்.

கணிதத்தை விட்டு நெடுங்காலமான அன்பர்களுக்காக, விதியின் பொருளை முதலில் எண்களிலேயே காட்டிவிடுகின்றேன். ஓர் எண்ணை எடுத்து மூன்றாற் பெருக்கி ஒன்றைக் கூட்டுக, வருவதை வர்க்கிக்குக. 2 என்னும் எண்ணுக்கு முதற் படியில் 7 வரும். இரண்டாம் படியில் 49 வரும். இனி 2ஐ 2.01 ஆக்குவோம். முதற் படியில் 7.03, அதன் வர்க்கம் 49.4209. தொடக்கத்திற் கூடியது 0.01 மட்டுமே, முடிவிற் கூடியதோ 0.4209. ஏறக்குறைய 42 மடங்கு. இந்த 42 எங்கிருந்து வந்தது? முதற் படி எந்த மாற்றத்தையும் 3 மடங்காக்குகின்றது. வர்க்கித்தலாகிய இரண்டாம் படி, 7க்கு அண்மையில் நிகழும் சிறு மாற்றத்தை 14 மடங்காக்குகின்றது. மூன்றும் பதினான்கும் இங்கே கூட்டப்படவில்லை; பெருக்கப்பட்டுள்ளன. ஒரு பற்சில்லு ஒரு முறை சுழல அடுத்தது மூன்று முறையும், அது ஒரு முறை சுழல அதற்கடுத்தது பதினான்கு முறையும் சுழலுமாயின், முதற் சில்லின் ஒரு சுழற்சிக்குக் கடைசிச் சில்லு நாற்பத்திரண்டு முறை சுழலும் அல்லவா? அதுவே இது. மாணவர் இடறும் இடமும் இதுவே. வர்க்கத்தை வகையிட்டுப் பதினான்கு என எழுதிப் பேனாவை மூடிவிடுவர். உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் மூன்றை மறந்துவிடுவர்.

லைப்னிற்ஸ் 1646ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி, ஜேர்மனியின் லைப்சிக் நகரிற் பிறந்தார். முப்பதாண்டுப் போர் ஜேர்மன் நாடுகளைச் சுடுகாடாக்கி ஓயவிருந்த காலம் அது. தந்தையார் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஒழுக்கவியற் பேராசிரியர். மகனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் காலமானார். அவர் விட்டுச்சென்ற சொத்துக்களுட் பெரியது ஒரு நூலகம். உரோம வரலாற்றாசிரியரான லிவியின் நூலொன்று படங்களோடு சிறுவனின் கைக்கு அகப்பட்டது. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகித்து, சொல்லைக் கொண்டு வாக்கியத்தை ஊகித்து, ஆசிரியர் துணையின்றியே இலத்தீன் மொழியைக் கற்றுக்கொண்டான் என்பர். குறியிலிருந்து பொருளுக்குச் செல்லும் இப்பயிற்சியே பின்னர் அவருடைய வாழ்நாட் பணியாயிற்று.

பதினைந்து வயது நிரம்புமுன் பல்கலைக்கழகம் புகுந்து மெய்யியலும் சட்டமும் பயின்றார். 1666இல் சேர்மானக் கலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சொற்கள் எழுத்துக்களால் ஆவது போல, மனிதரின் எண்ணங்கள் யாவும் சில எளிய அடிப்படைக் கருத்துக்களாலானவை. அக்கருத்துக்களுக்குத் தக்க குறிகளை அமைத்துவிட்டால், விவாதங்களைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம் என்பது அவருடைய இளமைக் கனவு. அது நிறைவேறவில்லை; நிறைவேறக்கூடியதும் அன்று. ஆயின் நல்ல குறியீடு நல்ல சிந்தனைக்குப் பாதி வழி என்னும் நம்பிக்கை அவரை விட்டு ஒருநாளும் நீங்கவில்லை.

சட்டத்திற் கலாநிதிப் பட்டம் தர லைப்சிக் பல்கலைக்கழகம் மறுத்தது. மூத்தோர் பலர் வரிசையிற் காத்திருக்க, இருபது வயது இளைஞருக்கு இடம் இல்லை என்றாயிற்று. அவர் மனமுடைந்து நிற்கவில்லை. நூரம்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஆல்டோர்வ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1667இல் அங்கே பட்டம் பெற்றார். பேராசிரியர் பதவியும் அவரைத் தேடி வந்தது, அதனை ஏற்கவில்லை. பிறந்த ஊரில் வாழவும் பின்னர் அவர் திரும்பவில்லை. வகுப்பறைக்குள் அடங்கும் இயல்பு அவருடையதன்று. மைன்ஸ் நாட்டு ஆட்சியாளரான பேராயரின் சேவையிற் சேர்ந்து, சட்டத் திருத்தத்திலும் அரசியல் ஆலோசனையிலும் ஈடுபட்டார்.

அங்கிருந்துதான் பாரிஸ் நகருக்கு வழி பிறந்தது. பதினான்காம் லூயி மன்னர் ஜேர்மன் நாடுகள்மீது படையெடுக்காதவாறு, அவருடைய கவனத்தை எகிப்தின்மீது திருப்பவேண்டும் என்று ஒரு திட்டம் தீட்டி, அதனை எடுத்துக்கொண்டு 1672இல் இளைஞர் பாரிஸ் சென்றார். மன்னரைக் காணும் வாய்ப்பே கிட்டவில்லை. அரசியல் தூது பயனற்றுப் போயிற்று. கணித வரலாற்றுக்கு அது பெருநன்மையாய் முடிந்தது. அன்று அவருக்கு வயது இருபத்தைந்து. உயர்கணிதத்தில் அவர் அறிந்தது மிகச் சிறிது. ஒல்லாந்தரான கிறிஸ்ரியான் ஹைகன்ஸ் அப்போது பாரிஸில் வாழ்ந்தார். அவர் இளைஞரைச் சோதிக்கும் பொருட்டு ஒரு கணக்குக் கொடுத்தார். 1, 3, 6, 10 எனச் செல்லும் முக்கோணி எண்களைத் தலைகீழாக்கி, அதாவது ஒன்று, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, பத்தில் ஒன்று என முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போனால் எவ்வளவு வரும் என்பது கேள்வி.

லைப்னிற்ஸ் கண்ட வழி அழகானது. ஒன்று என்பது இரண்டுக்கும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாடு. மூன்றில் ஒன்று என்பது ஒன்றுக்கும் மூன்றில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ஆறில் ஒன்று என்பது மூன்றில் இரண்டுக்கும் இரண்டில் ஒன்றுக்கும் உள்ள வேறுபாடு. இப்படியே எழுதிக்கொண்டு போனால், ஒரு படியிற் கழிக்கப்பட்டது அடுத்த படியிற் கூட்டப்பட்டு, இடையில் வந்தவை எல்லாம் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எஞ்சுவது முதலில் நின்ற இரண்டு மட்டுமே. விடை 2. வேறுபாடு காண்பதும் கூட்டுவதும் எதிரெதிரான செயல்கள் என்ற உண்மை இங்கே அவர் மனத்தில் வேரூன்றிற்று. நுண்கணிதத்தின் இரு கைகளாகிய வகையிடலும் தொகையிடலும் இவ்வேரிலிருந்து கிளைத்தவை.

1673இன் தொடக்கத்தில் அவர் முதன்முறை இலண்டன் சென்றார். தாம் அமைத்துக்கொண்டிருந்த கணக்கிடும் பொறியை றோயல் சங்கத்தாருக்குக் காட்டினார். பாஸ்கலின் பொறி கூட்டவும் கழிக்கவும் மட்டுமே வல்லது. இதுவோ பெருக்கவும் வகுக்கவும் வேண்டுமென்று வகுக்கப்பட்டது. பற்களின் நீளம் படிப்படியாக வேறுபட்ட உருளை ஒன்று அதன் உயிர்நாடி. அன்று காட்டியது முற்றுப்பெறாத பொறியே. அவ்வூரில் அவருக்கு ஒரு தலைகுனிவும் நேர்ந்தது. எண்களின் வேறுபாடுகளைப் பற்றித் தாம் கண்ட ஒரு முறையை விருந்தொன்றில் எடுத்துரைத்தார். அது ஏற்கெனவே ஒரு பிரெஞ்சு நூலில் வெளிவந்துள்ளதென்று ஜோன் பெல் என்னும் கணிதர் சுட்டிக்காட்டினார். அந்நூலைத் தேடிப் பார்த்தபோது அது உண்மையெனத் தெரிந்தது. தாம் சுயமாகவே கண்டதாக அவர் விளக்கம் எழுதிக் கொடுத்தார். ஆயினும் இச்சிறு நிகழ்ச்சி இலண்டனில் மறக்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அது தோண்டி எடுக்கப்பட்டது.

பாரிஸ் மீண்டபின் பாஸ்கலின் எழுத்துக்களைப் படித்தார். வட்டத்தின்மீது ஒரு சிறு முக்கோணியை வைத்துப் பாஸ்கல் செய்த ஆய்வைக் கண்டவுடன், அம்முக்கோணி வட்டத்துக்கு மட்டுமன்றி எந்த வளைகோட்டுக்கும் பொருந்துமே என்று அவருக்குத் தோன்றியது. கண்ணுக்கெட்டாத சிறுமையுடைய அம்முக்கோணியின் இரு பக்கங்களின் விகிதமே தொடலியின் சாய்வு. அதன் பின் 1675 ஒக்டோபர் 29ஆந் திகதி எழுதிய தாளிலே, கூட்டுத்தொகை என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லின் முதலெழுத்தாகிய எஸ்ஸை நீட்டி, தொகையிடற் குறியாக்கினார். நவம்பரில், வேறுபாடு என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய டீ வகையீட்டுக் குறியாயிற்று. தொடக்கத்தில் அவ்வெழுத்தைப் பின்னத்தின் கீழே வைத்துப் பார்த்தார். பிறகு மாறியின் முன்னே நிறுத்தினார். எழுத்தொன்றை எங்கே வைப்பது என்று ஒரு மேதை நாட்கணக்காகச் சிந்தித்திருக்கின்றார் என்பது, குறியீட்டை அற்ப விடயமென்று கருதுவோர் கவனிக்கத்தக்கது.

அந்த நவம்பர்த் தாள்களில் இன்னொரு செய்தியும் உண்டு. இரு கணியங்களின் பெருக்கத்தை வகையிட, தனித்தனி வகையீடுகளைப் பெருக்கினாற் போதுமா என்று தம்மையே கேட்டு, உதாரணத்தால் அளந்து பார்த்து, போதாது என்று தள்ளியிருக்கின்றார். இன்றைய வகுப்பறையில் ஆண்டுதோறும் பிறக்கும் அதே மயக்கம்! அதை ஆக்கியோனே அனுபவித்திருக்கின்றார் என்பதை மாணவர்க்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஓர் ஆறுதல் தோன்றுவதை நான் கண்டிருக்கின்றேன்.

பாரிஸ் அவருக்குப் பிழைப்புத் தரவில்லை. புரவலர்கள் இருவரும் அடுத்தடுத்து இறந்தனர். பிரெஞ்சு அக்கடமியிலும் இடங் கிடைக்கவில்லை. ஹனோவர்க் கோமகன் தர முன்வந்த பதவியை வேறு வழியின்றி ஏற்றார். 1676 ஒக்டோபரிற் பாரிஸை விட்டுப் புறப்பட்டவர், நேரே ஹனோவர் செல்லாது மீண்டும் இலண்டன் சென்று சில நாட்கள் தங்கினார். அங்கே ஜோன் கொலின்ஸ் என்பார், நியூற்றனின் அச்சேறாத கட்டுரை ஒன்றை அவருக்குப் படிக்கக் கொடுத்தார். லைப்னிற்ஸ் அதிலிருந்து குறிப்பெடுத்தார். வழக்கின் மூல வித்து இதுவே.

பின்னர் கப்பலேறினார். காற்று வாய்க்காமையாற் கப்பல் தேம்சு நதியின் முகத்துவாரப் பகுதியிலே நாட்கணக்கிற் காத்துக்கிடந்தது. அந்நாட்களில் அவர் இயக்கத்தைப் பற்றி ஓர் உரையாடல் நூல் எழுதினார். அசையாத கப்பலில் அமர்ந்து அசைவைப் பற்றி எழுதியதை என்னென்பது! ஒல்லாந்து சேர்ந்ததும், நுணுக்குக்காட்டியால் நுண்ணுயிர்களைக் கண்ட லேவன்ஹூக்கையும், ஹேக் நகரில் ஸ்பினோசாவையும் சந்தித்தார்.

அந்த நவம்பர் மாதத்தில் எழுதப்பட்ட தாளொன்றிலேதான் சங்கிலி விதி முதன்முதலாகத் தலைகாட்டுகின்றது. தொடலிகளை வகையீட்டால் காண்பது பற்றிய குறிப்பு அது. ஒரு மாறியையும் அதன் வர்க்கத்தையும் கொண்ட மூன்று உறுப்புக் கோவை ஒன்று. அக்கோவை முழுவதற்கும் வர்க்கமூலம். இதனை எப்படி வகையிடுவது? லைப்னிற்ஸ் உள்ளே இருக்கும் கோவை முழுவதையும் வேறோர் எழுத்தாற் குறித்துக்கொள்கின்றார். வர்க்கமூலத்தை அவ்வெழுத்தைக் கொண்டு வகையிடுகின்றார், பிறகு அவ்வெழுத்தைப் பழைய மாறியைக் கொண்டு வகையிடுகின்றார், இரண்டையும் பெருக்கிவிடுகின்றார். நாம் இன்று கரும்பலகையில் எழுதும் முறை எழுத்துக்கு எழுத்து இதுதான். ஒன்று மட்டும் வேறு: கூட்டற்குறி நிற்கவேண்டிய இடத்திற் கழித்தற்குறியை எழுதிவிட்டார். விடையின் குறி பிழை, விதி சரி. எங்கள் நாட்டுப் பரீட்சகர் ஒருவர் அத்தாளைத் திருத்த நேர்ந்தால், முறைக்குப் புள்ளி கொடுத்து விடைக்குக் குறைத்திருப்பார்.

இனி வழக்கைப் பார்ப்போம். ஒக்டோபரில் நியூற்றனின் கட்டுரையைப் படித்தவர் நவம்பரில் விதியை எழுதுகின்றார் என்றால் ஐயம் எழுவது இயல்பே. ஆயின், நீட்டிய எஸ்ஸும் டீயும் அதற்கு ஓராண்டு முன்னரே திகதியிட்ட தாள்களில் உள்ளன. கொலின்ஸிடம் எடுத்த குறிப்புக்களும் இன்று நம்மிடம் உள்ளன. அவை முடிவிலித் தொடர்களைப் பற்றியவை, வகையிடலைப் பற்றியவை அல்ல. தமக்குத் தெரிந்ததை அவர் குறித்துக்கொள்ளவில்லை; தெரியாததையே குறித்துக்கொண்டார் என்று கொள்வதே பொருத்தம். நியூற்றன் 1676இல் எழுதிய இரு கடிதங்களுள், எழுத்துக்களைக் கலைத்து மறைபொருளாகத் தம் முறையைச் சொல்லிய இரண்டாவது கடிதம், 1677ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேதான் லைப்னிற்ஸின் கையை அடைந்தது. மேலும், அந்தத் தவறான கழித்தற்குறியை நான் ஒரு குறையாகக் கருதுவதில்லை. ஒருவரைப் பார்த்து எழுதுபவர் விடையைச் சரியாக எழுதிவிட்டு வழியைக் கோட்டைவிடுவார். தாமே வழி வெட்டிச் செல்பவரோ வழியைச் சரியாக வெட்டிக் குறியிலே கால் தவறுவார்.

நியூற்றனுக்கும் நீதி செய்யவேண்டும். 1665, 1666 ஆகிய ஆண்டுகளிலேயே அவர் நுண்கணிதத்தைக் கண்டுவிட்டார். முதன்மை ஐயமின்றி அவருக்கே உரியது. அவருடைய முறையிற் கணியங்கள் யாவும் காலத்தோடு ஓடுவன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டவேகம் உண்டு. எல்லாம் காலத்தையே நோக்கி நிற்பதால், எது எதனைச் சார்ந்தது, அது மேலும் எதனைச் சார்ந்தது என்னும் படிமுறை எழுத்திலே வெளிப்படுவதில்லை. மேலே இட்ட புள்ளி ஒன்றே அடையாளம். லைப்னிற்ஸின் எழுத்தில் ஒவ்வொரு வகையீடும் தன் பெயரைத் தானே தாங்கி நிற்கின்றது. முதல் மாறியின் வகையீட்டை இடைமாறியின் வகையீட்டால் வகுத்து, இடைமாறியின் வகையீட்டைக் கடைசி மாறியின் வகையீட்டால் வகுத்து, இரண்டையும் அருகருகே வைத்தால், இடைமாறி மேலும் கீழும் நின்று தானே அழிந்துபோகின்றது. ஹைகன்ஸின் கணக்கில் இடையில் வந்தவை அழிந்தனவே, அதைப்போல!

உண்மையில் அது வெட்டிக் கழிப்பதன்று என்று கண்டிப்பான ஆசிரியர் இங்கே குறுக்கிடுவார். அவர் சொல்வதும் சரியே. இடைமாறியின் மாற்றம் பூச்சியமாகும் இடங்களில் அதனால் வகுத்தல் கூடாது. எல்லைக் கருத்தைக் கொண்டு நுண்கணிதத்துக்கு உறுதியான அடித்தளம் இட்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டினர். கோசியின் 1823ஆம் ஆண்டு நூல் அவ்வழியில் ஒரு மைல்கல். லைப்னிற்ஸின் நுண்ணளவுகள் பூச்சியமா, பூச்சியம் அல்லாதனவா என்னும் பூசல் நெடுங்காலம் நடந்தது. ஆயினும் 1960களில் ஏபிரகாம் றொபின்சன் அந்நுண்ணளவுகளுக்கே தருக்கப் பிழையற்ற ஓர் அமைப்பைக் கண்டுகாட்டினார். பழைய கிழவர் அவ்வளவு தவறாகப் பேசவில்லை.

1676 டிசெம்பரில் ஹனோவர் சேர்ந்த லைப்னிற்ஸ், பயணங்கள் நீங்கலாக எஞ்சிய நாற்பது ஆண்டுகளையும் அவ்வரசின் சேவையிலேயே கழித்தார். அந்த நாற்பது ஆண்டுகளை எண்ணும்போது எனக்கு இரக்கமே மேலிடுகின்றது. நூலகத்தைக் கவனித்தார்; சட்ட ஆலோசனை கூறினார்; ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் நீரிறைக்கக் காற்றாலை அமைக்க முயன்று பல ஆண்டு உழைத்துத் தோற்றார். ஆளும் குடும்பத்தின் வரலாற்றை எழுதும் பணியையும் அவர் தலையிற் கட்டினார்கள். ஓரிரு ஆண்டில் முடிய வேண்டிய வேலை. அவரோ ஆதாரமின்றி ஒரு வரியும் எழுதாதவர். அதற்காக 1687 முதல் 1690 வரை தென் ஜேர்மனி, ஒஸ்திரியா, இத்தாலி எங்கும் சுற்றிப் பழைய ஏடுகளைத் தேடினார். இறக்கும்போது அவ்வரலாறு 1005ஆம் ஆண்டு வரையிலேதான் வந்திருந்தது.

இவ்வளவு இரைச்சலுக்கிடையில், 1684 ஒக்டோபரில், லைப்சிக் நகரில் வெளிவந்த அறிஞர் இதழொன்றில் நுண்கணிதத்தைப் பற்றிய முதற் கட்டுரையை வெளியிட்டார். அது ஆறே பக்கம். விதிகள் உண்டு, நிரூபணம் இல்லை, அச்சுப்பிழைகளும் மலிந்திருந்தன. அதில் வரும் ஓர் உதாரணத்தை மட்டும் சொல்லுகின்றேன். ஒளிக்கதிர் காற்றிலிருந்து நீருள் நுழையும்போது ஏன் முறிகின்றது? மிக எளிதான வழியை ஒளி தெரிந்துகொள்கின்றது எனக் கொண்டால், இரு ஊடகங்களிலும் அது கடக்கும் தூரங்களை, ஊடகத்தின் தடைக்கேற்பப் பெருக்கிக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகக் குறையும் இடத்தைக் காணவேண்டும். ஒவ்வொரு தூரமும், பைதகரசு தேற்றத்தின்படி, ஒரு கோவையின் வர்க்கமூலம். லைப்னிற்ஸ் உள்ளிருக்கும் கோவைகளுக்குத் தனி எழுத்துக்கள் இட்டு, அவற்றை வகையிட்டு, மூலத்தின் வகையீட்டோடு இணைத்துவிடுகின்றார். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒல்லாந்துப் பயணத்தை அடுத்துச் செய்த அதே செயல். இம்முறை குறியிற் பிழை இல்லை. சைன் விதி சில வரிகளிற் பிறக்கின்றது. பேரறிஞர் பலர் சுற்றி வளைத்துத் தேடியதை இம்முறை அறிந்தவர் மூன்று வரியில் அடைவார் என்று அவர் அங்கே சற்றுப் பெருமிதமும் கொள்கின்றார். அப்பெருமிதம் அவருக்குத் தகும்.

கட்டுரையைப் படித்தவர்களிற் பெரும்பாலோருக்கு அது விடுகதையாகவே இருந்தது. சுவிற்சலாந்தின் பாசல் நகரச் சகோதரர்களான யாக்கோப் பேர்ணூலியும் யோகான் பேர்ணூலியும் விடாமுயற்சியால் அதனை விடுவித்தனர். யோகானிடம் பணங் கொடுத்துப் பாடங் கேட்ட பிரெஞ்சுப் பிரபு லோப்பித்தால், 1696இல் வகையிடலுக்கு முதற் பாடநூலை வெளியிட்டார். அதிலும் சங்கிலி விதி கையாளப்படுகின்றது. ஆயின் விதி என்ற பெயரோடு அன்று. அடுத்த தலைமுறையின் பேராசானாகிய ஒயிலர் எழுதிய பெருநூல்களிலும் அதற்குத் தனித் தலைப்பு இல்லை. லாகிராஞ்சு 1797இல் எழுதிய நூலிலேதான் நாம் இன்று அறியும் வடிவத்தில் அது காணப்படுகின்றதென்பர். நூற்றிருபது ஆண்டுகள் ஒரு விதி பெயரில்லாமல் ஏன் வாழ்ந்தது? லைப்னிற்ஸின் எழுத்தில் அதைத் தனியே சொல்லவேண்டிய தேவையே எழவில்லை என்பதுதான் காரணம் என நினைக்கின்றேன். மூச்சுவிடுவதற்கு எவரும் விதி எழுதி வைப்பதில்லை.

பூசல் 1699இல் தொடங்கிற்று. 1710இல் ஜோன் கீல் என்னும் ஒக்ஸ்போர்ட் அறிஞரின் கட்டுரை அச்சில் வந்தபோது நெருப்பாய் மூண்டது. லைப்னிற்ஸும் குற்றமற்றவர் அல்லர். 1684ஆம் ஆண்டுக் கட்டுரையில் நியூற்றனின் பெயரை ஓரிடத்திலேனும் குறித்திருக்கலாம். 1705இல் நியூற்றனின் நூலுக்குப் பெயரிடாமல் ஒரு மதிப்புரை எழுதி, அதிற் குத்தலாகப் பேசியதும் பண்பன்று. ஆனால் அதற்கு வந்த பதிலடி அளவு கடந்தது. அவர் றோயல் சங்கத்திடம் நீதி கேட்டார். 1712 மார்ச்சில் சங்கம் ஒரு குழுவை நியமித்தது. சங்கத்தின் தலைவர் நியூற்றன். குழு லைப்னிற்ஸிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஏறக்குறைய ஆறு வாரத்தில் அறிக்கை ஆயத்தமாயிற்று. அவ்வறிக்கையை வரைந்த கை நியூற்றனுடையதே என்பது பின்னர்த் தெரியவந்தது. பிறகு அதற்கு ஒரு நீண்ட மதிப்புரையும் பெயரின்றி வெளிவந்தது. அதை எழுதியவரும் அவரே. வாதி, நீதிபதி, எழுதுவினைஞர், பத்திரிகையாளர் ஆகிய நால்வரும் ஒருவரேயான வழக்கு உலகிற் பிறிதொன்று உண்டோ அறியேன்.

அவருடைய கடைசி ஆண்டுகள் கசப்பானவை. மதிப்பு வைத்திருந்த சோபியா அம்மையார் 1714இற் காலமானார். அதே ஆண்டில் ஹனோவர் ஆட்சியாளர் முதலாம் ஜோர்ஜ் என்னும் பெயரோடு பிரித்தானிய அரசரானார். பிரபுக்களும் பணியாளரும் இலண்டனுக்குப் புறப்பட்டனர். லைப்னிற்ஸ் மட்டும் வரலாற்றை எழுதி முடித்த பின்பே வரலாம் என்று ஹனோவரில் நிறுத்தப்பட்டார். மூட்டுவாதம் அவரை முடக்கிற்று. 1716 நவம்பர் 14ஆந் திகதி, எழுபதாம் வயதில், மணம் செய்யாத அம்முதியவர் உயிர் நீத்தார். அடக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய செயலாளர். அரசவையிலிருந்து ஒருவரும் வரவில்லை. பேர்ளின் அக்கடமியை 1700இல் அமைக்கத் தூண்டி அதன் முதற் தலைவராய் இருந்தவர் அவர். அதுவும் மௌனஞ் சாதித்தது. 1673 முதல் அவரை உறுப்பினராகக் கொண்டிருந்த றோயல் சங்கமும் அவ்வாறே. அந்நியமான பிரெஞ்சு அக்கடமியிலேதான் அடுத்த ஆண்டு ஃபொந்தனெல் அவருக்குப் புகழுரை ஆற்றினார். புதைத்த இடத்தில் ஒரு பெயர்க்கல் கூடப் பல பத்தாண்டுகளாக இருக்கவில்லை.

குறியீடு தன் வழக்கைத் தானே நடத்திக்கொண்டது. ஐரோப்பாக் கண்டத்தில் டீ எழுத்தைக் கொண்டு கணிதம் பாய்ந்து சென்றது. இங்கிலாந்து தேசாபிமானத்தோடு புள்ளியையே பற்றிக்கொண்டு, ஒரு நூற்றாண்டு பின்தங்கிற்று. 1812இல் கேம்பிரிட்ஜ் மாணவர் சிலர், பபேஜ், ஹேர்ஷல், பீக்கொக் ஆகியோர், புள்ளியை விட்டு லைப்னிற்ஸின் எழுத்தைக் கொள்ளவேண்டுமென்று ஒரு சங்கம் கூட்டினர். 1817இல் பீக்கொக் பரீட்சகரானபோது, நியூற்றனின் சொந்தப் பல்கலைக்கழகத்து வினாத்தாளிலேயே டீ எழுத்து ஏறியது. ஆங்கிலக் கல்வி வழியாக நம் நாட்டு மாணவரின் கொப்பிகளுக்கும் அவ்வெழுத்தே வந்து சேர்ந்தது.

விதியின் பயணம் அங்கும் நிற்கவில்லை. படம் கண்டறியவும் மொழி பெயர்க்கவும் கணினிகளைப் பழக்கும்போது, விடையில் நேர்ந்த பிழைக்கு எந்த இணைப்பு எவ்வளவு பொறுப்பு என்று கடைசிப் படியிலிருந்து முதற் படிவரை பின்னோக்கிக் கணக்கிடுகின்றனர். 1986இல் றூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் என்போரின் கட்டுரை பரவச்செய்த அம்முறை, படிகள் எத்தனையாயினும், சங்கிலி விதியேயன்றி வேறில்லை. பற்சில்லுகளாற் கணக்குப்பொறி அமைத்தவரின் விதி, பற்சில்லே இல்லாத கணக்குப்பொறிகளை இன்று ஓட்டுகின்றது.

லைப்னிற்ஸ் விட்டுச்சென்ற கையெழுத்து ஏறக்குறைய இரண்டு இலட்சம் பக்கம். ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு எழுதியும் அவர்களிடமிருந்து பெற்றும் சேர்த்த கடிதங்கள் மட்டும் பதினையாயிரம் வரையில் உள்ளன. 2007இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவேட்டில் சேர்த்தது. அரச இரகசியங்கள் அவற்றில் இருக்குமென்று அஞ்சி, அவர் இறந்தவுடன் தாள்கள் அனைத்தையும் ஹனோவர் அரசு கைப்பற்றிப் பூட்டிவைத்தது. அந்த அச்சமே அவை சிதறாமல் இருக்கக் காரணமாயிற்று. முழுப்பதிப்பின் முதற் தொகுதி 1923இல் வெளிவந்தது. அதன் பின் எத்தனையோ தொகுதிகள் வந்துவிட்டன. பதிப்பு இன்னும் முடியவில்லை. 1675, 1676ஆம் ஆண்டுகளின் கணிதத் தாள்கள் அச்சேறியுள்ளன. விரும்பும் எவரும் அந்த நவம்பர் மாதத்துத் தாளைத் திறந்து, உள்ளிருந்த கோவைக்குப் புதிய எழுத்து இட்ட இடத்தையும், அடுத்த வரியில் நிற்கும் அந்தக் கழித்தற்குறியையும் கண்ணாரக் காணலாம்.